யாருக்கு நட்ட கல்

1955 டிசம்பர் 18, ஞாயிறு

நாற்பத்தொரு அரைப்பரீட்சைத் தாள்களில் பன்னிரண்டுதான் திருத்தியிருக்கிறேன். மழை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'குரங்கணியிலிருந்து' என்று எழுதியிருக்கிறாள். குரங்கணி மலையைப் பார்த்து வளரும் போடிக்காரிக்கு அது சரியான விடைதான். முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

அப்பா போய்ப் பதினோரு நாள். வியாழக்கிழமை கருமாதி. இன்று காலை பஸ்சில் எங்கள் ஊர் சிலமலைக்குப் போனேன். போன இடத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கல்லுக்காக.

எங்கள் பங்காளிகள் வழக்கம் ஒன்று உண்டு. வீட்டு ஆண் ஒருவர் இறந்தால், புஞ்சைக் கரையில் இருக்கும் கல்லடியில் அவருக்கென்று ஒரு கல் நட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று ஒவ்வொரு கல்லுக்கும் படையல் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கல் இல்லாதவரை யாரும் கூப்பிடுவதில்லை. தம்பி சின்னமுத்து, தான் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துப் பக்கமிருந்து நல்ல கல்லாகக் கொண்டுவருகிறேன் என்றான். சித்தப்பா திருப்பதி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒங்கப்பனுக்குத்தான் ஏற்கெனவே கல்லு இருக்கேப்பா. ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லு நட்டா, ரெண்டாவது கல்லு இன்னொரு உசுரக் கேக்கும்."

கல் இருப்பது மெய்தான். அப்பா உயிரோடு இருக்கும்போதே, 1917-இல் நட்டது. முதல் மகாயுத்தத்தில் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போன மொக்கையன் இறந்துவிட்டதாகக் காகிதம் வந்தது. வீட்டார் அழுது, கருமாதி செய்து, கல் நட்டு, கிடாயும் வெட்டிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, சிவராத்திரிக்கு மறுநாள், அவர் நடந்தே வந்து வாசலில் நின்றார். ரத்தம் கண்ட கல்லைப் பிடுங்கக் கூடாதாம். கருமாதி முடிந்தவனை அப்படியே வீட்டுக்குள் விடவும் கூடாதாம். கடைசியில் அந்த மீசைக்காரரை வாசலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டி, பிறந்த பிள்ளைக்கு வைப்பதுபோல் நாக்கில் சேனை வைத்து, காதில் மூன்று தடவை பெயர் சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ தடவை சித்தப்பா சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன். அப்பா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

டிசம்பர் 19, திங்கள்

செத்ததாகச் சொன்னபோது கல் கிடைத்தது. செத்த பிறகு கிடைக்கவில்லை. இது என்ன நியாயம்?

டிசம்பர் 22, வியாழன்

கருமாதி முடிந்தது. அம்மாவின் தாலியைக் கழற்றி வாங்கினார்கள்.

எனக்கு இது பழகிய காட்சி. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். இன்று சுற்றி நின்ற தாலியறுத்தவர்களில் ஒருத்தி. சுமங்கலிகளை வெளியே போகச் சொன்னார்கள். வேலுத்தாய் அத்தை மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "நீ பாக்கக் கூடாதும்மா, எந்திரிச்சுப் போ" என்று யாரோ அதட்டினார்கள். மஞ்சளும் குங்குமமுமாக அத்தை தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

அவள் எங்களுக்கு உறவில்லை. அப்பாவோடு பட்டாளத்துக்குப் போன சோணையின் பெண்சாதி. அப்பா திரும்பிவிட்டார், சோணை வரவில்லை. செத்தான் என்றும் காகிதம் வரவில்லை. அதனால் அவள் இன்றுவரை சுமங்கலி. அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஏர் கட்டினால் முதல் உழவு அவள் காட்டில். அவள் கூரை, அவள் வேலி, அவள் கிணறு என்று எல்லாவற்றுக்கும் அப்பா. அம்மா அவளோடு முகங்கொடுத்துப் பேசியே பல வருடம் ஆகிறது.

எல்லாம் முடிந்தபின் அம்மா என்னிடம் சொன்னது: "அவ பூவும் பொட்டுமாத் திரியுறா. நான் மூலையில கெடக்கேன். பாத்துக்க."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

டிசம்பர் 24, சனி

எழுதிவிட்டால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

மத்தியானம் தேவாரத்திலிருந்து ஜக்கையன் என்ற பெரியவர் துட்டி கேட்க வந்தார். அப்பாவோடு பஸ்ராவில் இருந்தவராம். தோட்டத்தில் யானை இறங்கிக்கொண்டே இருந்ததால் காவலை விட்டு நகர முடியவில்லை, அதனால்தான் தாமதம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மா உள்ளே. தம்பி மலைக்குப் போய்விட்டான். நான் மட்டும் இருந்தேன். பேச்சுவாக்கில் கல் விவகாரத்தைச் சொன்னேன்.

"அந்தக் கல்லா? அதச் சோணைக்குன்னு விட்டுட்டதாவுல்ல நெனச்சேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சோணைக்கு எதற்குக் கல் என்று கேட்டேன்.

"செத்தவனுக்குக் கல்லு வேணாமா ஆத்தா? நானும் ஒங்கப்பனுந்தான குழி வெட்டினோம்."

பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். இல்லை என்றேன். துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். சோணைக்குக் கடுங்காய்ச்சல். குளிரில் உதறிக்கொண்டு கிடந்தவனுக்கு அப்பா தன் கோட்டைப் போர்த்தியிருக்கிறார். அந்தக் கோட்டோடேயே விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. இறந்தவன் பெயரை எழுத வந்தவனுக்கு நம் பாஷை தெரியாது. கோட்டில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான். மொக்கையன் செத்தான் என்று ஆகிவிட்டது. நீ செத்துப் போயிட்ட, உனக்கு ரொட்டி இல்லை என்று இரண்டு நாள் அப்பாவைத் திருப்பி அனுப்பினார்களாம். அப்புறம் அப்பாவின் பெயரைச் சரி செய்தார்கள். சோணை பெயரை யாரும் தொடவில்லை.

"சோணை பொஞ்சாதிகிட்ட நான் சொல்லிக்கிறேன்னான் ஒங்கப்பன். சொல்லலையா?"

சொல்லவில்லை. ஊருக்கே தெரியும், அவர் என்ன சொன்னார் என்று. பின்னால் வரும் கப்பலில் சோணை வருவான் என்று சொன்னார்.

டிசம்பர் 25, ஞாயிறு

தூக்கமில்லை. பள்ளி விடுமுறை என்பதால் பிழைத்தேன்.

பின்னால் வரும் கப்பல்! முப்பத்தாறு வருடமாக ஒரு கப்பல் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்ப்பா? ஏன் சொல்லல? அவளுக்கு அப்ப இருவது வயசு. நம்ம சனத்துல அறுத்துக் கட்டுறது வழக்கந்தான? சொல்லியிருந்தா அவ இன்னொருத்தன் வீட்டுல பிள்ளையும் குட்டியுமா இருந்திருப்பாள்ல?

பொய் சொல்லும் மனிதரா அவர்? மாட்டுச் சந்தையில் தன் காளைக்கு இருக்கும் கெட்ட சுழியைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டு வருபவர். அம்மா அதற்காகவே அவரைத் திட்டுவாள். கட்டியவர் மலைக்காய்ச்சலில் போய், பதினெட்டு வயதில் நான் மொட்டையாக நின்றபோது, "இவ படிப்பா" என்ற ஒரே வார்த்தையில் என் மாமனார் வீட்டை வாயடைக்க வைத்து என்னை வண்டியில் ஏற்றி வந்தவர். மதுரையில் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதவர். மாடுகளிடம் மட்டும் பட்டாளத்து இந்துஸ்தானி பேசுவார். அவர் கதை மாடுகளுக்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அந்தக் கல்லுக்கு அவர்தான் படையல் போடுவார். தனக்குத் தானே படையல் போடுகிற ஆள் என்று ஊரே கேலி செய்யும். அந்த இலைச் சோற்றை அவர் தின்றதில்லை, எங்களையும் தொடவிட்டதில்லை. துணியில் கட்டி வேலுத்தாய் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். அன்றைக்கெல்லாம் அம்மா சாப்பிட மாட்டாள்.

புருஷனுக்கு வைத்த சோறு பெண்சாதிக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். இதை அம்மாவிடம் சொன்னால், முப்பது வருடக் காந்தல் ஒரு நிமிடத்தில் அடங்கும். ஆனால் சொன்ன நிமிடமே அங்கே ஒருத்தி தாலியறுப்பாள்.

டிசம்பர் 28, புதன்

தம்பியைப் பார்க்கப் போடிமெட்டுக்குப் போனேன். மலை எந்த ராஜ்ஜியத்துக்குப் போகும் என்று ஊர்வலம், கூச்சல். பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. தோட்டத்து ஸ்டோர் முன்னால் ஏலக்காய் காயவைத்த வாசனையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

சின்னமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. பிறகு கோபம் வந்தது, என் மேல்.

"செத்த மனுசன் பேரக் கெடுக்கப் போறியாக்கா? யாருக்கும் தெரியாம இருந்தது இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியானால் அப்பாவுக்குக் கல்? பழைய கல் சோணையுடையது என்று சொன்னால்தான் சித்தப்பா புதுக் கல்லுக்குச் சம்மதிப்பார். சொன்னால் அத்தை விதவை, அப்பா பொய்யர். சொல்லாவிட்டால் அப்பாவைக் கூப்பிட ஒரு கல்லும் இல்லை, சோணையின் கல்லைப் பார்த்து வருடா வருடம் மொக்கையா என்று கூப்பிடுவோம். நீயே சொல் என்றேன். அவன் காயைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியல. நீதான படிச்சவ" என்றான் கடைசியில்.

படித்த படிப்பில் இது எந்தப் பாடத்தில் இருந்தது?

1956 ஜனவரி 2, திங்கள்

பள்ளி திறந்தது. வருகைப் பதிவில் தேதியில் வருடத்தை 1917 என்று எழுதிவிட்டு அடித்தேன்.

ஜனவரி 7, சனி

சிலமலை. அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், அத்தை வேறு கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று.

கேட்ட மாத்திரத்தில் அம்மா பொரிந்து தள்ளினாள். கேட்டு வந்தார்களாம், இரண்டு இடத்திலிருந்து. பன்னிரண்டு வருடம் ஆனபோது, ஆளைக் காணோம், ஊர் வழக்கப்படி காரியத்தைச் செய்துவிடுவோம் என்று பெரியவர்களும் சொல்லிப் பார்த்தார்களாம். 'வருவாருன்னு மொக்கையண்ணன் சொல்லியிருக்காரே' என்றே எல்லோரையும் திருப்பி அனுப்பினாளாம். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டாராம்.

"ஏன் குனியணும்? மடியில கனம் இருக்கப் போயித்தான?" என்றாள் அம்மா.

கனம் இருந்தது அம்மா. நீ நினைக்கிற கனம் இல்லை.

நாளைக்கு அத்தையிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு தரம் செத்தவனை இரண்டாம் தரம் சாகடிக்கப் போகிறேனா, இல்லை முதல் தரமே இப்போதுதானா?

ஜனவரி 8, ஞாயிறு

சொல்லவில்லை.

போனேன். அத்தை வாசலில் மொச்சைக் குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அத்தை, ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, கொஞ்சம் உரித்துக் கொடு என்று முறத்தை என் பக்கம் தள்ளினாள். உரித்தேன். பிள்ளைகள் எப்படி, போடியில் தண்ணீர் வருகிறதா, சின்னமுத்துவுக்குப் பெண் பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுபடி வாயெடுத்தேன். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டது, பிடித்துக் கட்டு என்றாள். கட்டினேன். பஸ் நேரமாகிவிட்டது. மடி நிறைய மொச்சையைப் போட்டு அனுப்பினாள்.

இரண்டு படி மொச்சை உரித்ததுதான் மிச்சம். நெற்றியில் அவ்வளவு பெரிய குங்குமம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அப்பாவைத் திட்டித் தீர்த்தேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்? அப்பன் ஒரு பொய்யன் என்றால் மகள் இரண்டாவது பொய்க்காரி.

ஜனவரி 12, வியாழன்

சித்தப்பா முடிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய கல்லிலேயே அப்பாவைக் கூப்பிடுவது. தம்பி சரியென்று தலையாட்டிவிட்டானாம். ஊரெல்லாம் இதே பேச்சு.

ஜனவரி 15, ஞாயிறு, மாட்டுப் பொங்கல்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

கல்லடியில் பங்காளிகள் பொங்கல் வைத்தார்கள். அம்மா வீட்டோடு இருந்தாள். நாங்கள் பெண்கள் வரப்போரம் நின்றோம். சித்தப்பா பழைய கல்லுக்குத் திருநீறு பூசி, இலை போட்டு, "மொக்கையா, வந்து வாங்கிக்க" என்று கூப்பிட்டார். முதல் கூப்பாடு. மூன்று தடவை கூப்பிட வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது தடவை கூப்பிடுமுன் வேலுத்தாய் அத்தை வரப்பிலிருந்து இறங்கிக் கல்லடிக்குள் போனாள். வேற்று வகையறாப் பெண் அங்கே கால் வைக்கக் கூடாது. யாரோ ஏய் என்றார்கள். அவள் நிற்கவில்லை.

"திருப்பதியண்ணே, அது எம் புருசன் கல்லு. மொக்கையண்ணனுக்கு வேற கல்லு நடுங்க."

யார் சொன்னது என்று சித்தப்பா கேட்டார்.

"மொக்கையண்ணந்தான் சொன்னாரு, திரும்பி வந்தன்னைக்கே. எனக்குத்தான் மனசு ஒப்பல. அவரு மேல குத்தமில்ல."

எல்லோருக்கும் எதிரில், நின்ற இடத்திலேயே, நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தாள். அழவில்லை. சித்தப்பா கையிலிருந்த சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பினார். பிறகு, "சோணை, வந்து வாங்கிக்க" என்று கூப்பிட்டார்.

எனக்கு அழுகை அடங்கவில்லை. யாருக்காக அழுகிறேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 16, திங்கள்

வந்த அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டாரா? அப்படியானால் பின்னால் வரும் கப்பல்? ஊர் முழுக்கக் கேட்டதே அது. அத்தை நேற்றுச் சொன்னது மெய்யா, அப்பாவுக்காகச் சொன்ன பொய்யா? மெய் என்றால் நான் மூன்று வாரமாக ஒரு நல்ல மனிதரைத் திட்டியிருக்கிறேன். பொய் என்றால் — பொய் என்றாலும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

தை முடியுமுன் நட்டுவிட வேண்டும் என்று சின்னமுத்து லோடு ஜீப்பில் கல் கொண்டுவந்தான். குரங்கணி ஓடையில் எடுத்த கல். சோணை கல்லுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு நட்டோம். தம்பி தூக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டான். சித்தப்பா அந்த ரத்தமே போதும், கிடாய் வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் 11, ஞாயிறு

சோணை இறந்த நாள் யாருக்கும் தெரியாது. ஜக்கையன் பெரியவரைக் கேட்டதற்கு, ஈச்சம்பழம் பழுத்துக் கிடந்த காலம் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. அப்பா திரும்பி வந்த நாளிலேயே காரியத்தை வைத்துக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். நேற்றுச் சிவராத்திரி. இன்று காலையில் செய்தோம். தாலியை அவளே கழற்றினாள். கூட்டம் கூட்டவில்லை. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

எல்லாம் முடிந்து, தலை ஈரம்கூடக் காயாமல் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேவிட்டேன். அப்பா உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வந்தன்னைக்கு, அடுத்த கப்பல்ல வருவான்னாரு. சேனை வச்சுக்கிட்டு இருந்தாக, சுத்தி ஒரே சிரிப்பு. அவரு மட்டும் என் மொகத்தப் பாக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு மாசங் கழிச்சு வந்தாரு. தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்னாரு. அண்ணே, கமலை வடம் அறுந்து கெடக்கு, மொத அதப் பாருங்கன்னேன். பாத்தாரு. பெறகும் வந்தாரு. வேலி சரிஞ்சு கெடக்குன்னேன். அவரு வாயத் தொறக்கையில எல்லாம் ஒரு சோலி குடுத்தேன் ஆத்தா. கூரை மேஞ்சாரு, கெணத்துல தூரெடுத்தாரு, உழுதாரு. அந்தக் கல்லுச் சோத்த வருசா வருசம் கொண்டாந்து குடுக்கையிலயே அது யாரு கல்லுன்னும் தெரிஞ்சுக்கிட்டேன். முப்பத்தாறு வருசம் அவரச் சொல்லவே விடல."

ஏன் அத்தை என்று கேட்டேன்.

"சொல்லிட்டா எங்கப்பன் அடுத்த மாசமே வேற எவனுக்காச்சும் கட்டி வச்சுருவான்னு பயம். அப்பன் செத்தப்புறம் அந்தப் பயமும் போயிருச்சு. அப்பவும் விடல. அது ஏன்னு எனக்கே தெரியல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ரா, கோட்டு, கல், படையல் சோறு, அத்தை கொடுத்த சோலிகள், ஒன்று விடாமல். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அந்த வருசமெல்லாம் நம்ம வீட்டுக் கூரை ஒழுகுச்சு" என்றாள்.

பிறகு தூக்குவாளியை எடுத்து அதில் சோற்றை அள்ளி வைத்தாள். காரியம் நடந்த வீட்டில் இன்று உலை வைக்க மாட்டார்கள். குழம்பு தனியாக ஒரு கிண்ணத்தில். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்சில் போடி வந்து சேர்ந்தேன்.